அடுத்தவர் திறந்து படிக்கக்கூடிய நிரல்: கோட்இக்னைட்டர், ஒரு தொடக்கப் பாடம்



நம் கிளைகளில் எதை எடுத்துக்கொண்டாலும் ‘கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி’ ஒருவர் இருப்பார். தேவார வகுப்புப் பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல், திருமுறை ஓதும் போட்டிக்கான பதிவு, தைப்பூசத் தண்ணீர்ப்பந்தலில் யார் எந்த நேரம் நிற்பது என்கிற அட்டவணை, எல்லாமே அவர் மடிக்கணினியில்தான் இருக்கும். அவர் ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? கோலலங்காட் பக்கம் ஓர் அமைப்பில் நானே பார்த்தேன். அழகான பதிவுப் பக்கம் ஒன்று இருந்தது. செய்தவர் ஊரைவிட்டுப் போனதும் அதைத் திறந்து பார்க்கக்கூட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷம் பிள்ளைகளின் பெயர்களைப் பழையபடி தாளில் எழுதி, படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள்.

அந்தத் தம்பி கெட்டிக்காரர்தான். ஆனால் அவர் எழுதிய நிரலை இன்னொருவர் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. இந்தப் பாடம் அதைப் பற்றியது. பிஎச்பி மொழியில் இணையப் பக்கம் செய்கிறவர்களுக்கு ‘கோட்இக்னைட்டர்’ என்று ஒரு சின்னச் சட்டகம் இருக்கிறது. எடை குறைவு, நம் வசதிக்கு வளைத்துக்கொள்ளலாம். நம்மைப் போன்ற அமைப்புகளுக்கு அது ஏன் பொருந்தும், எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்று பார்ப்போம். பிஎச்பி அடிப்படை கொஞ்சம் தெரிந்திருந்தால் போதும்.

சட்டகம் எதற்கு?

பிஎச்பி மொழியை 1995-இல் வெளியிட்டவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். தன் சொந்த வலைப்பக்கத்துக்காக எழுதிவைத்த சின்னச் சின்னக் கருவிகள்தான் அதன் தொடக்கம். இன்று வேர்ட்பிரஸ் ஓடுவது பிஎச்பியில்தான். 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா ஓடுகிற மீடியாவிக்கியும் பிஎச்பிதான். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ தளமும் அதே மீடியாவிக்கியில் நிற்கிறது. ஆகவே ‘பிஎச்பி பழசு, யாரு இப்ப அதெல்லாம் எழுதுறா?’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள்.

பிஎச்பியில் ஒரு சுதந்திரம் உண்டு. தரவுத்தளத்தைக் கேட்பது, கணக்குப் போடுவது, பக்கத்தை வரைவது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிவிடலாம். தொடங்கும்போது இது வரம். ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எது எங்கே என்று எழுதியவருக்கே தெரியாது. எந்த வேலை எந்த இடத்தில் என்று பிரித்துக் கொடுப்பதுதான் சட்டகத்தின் வேலை.

கோயிலில் அன்னதானம் நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒருவர் நிற்பார்: “சாப்பாடா? இந்தப் பக்கம். பிரசாதமா? அந்தப் பக்கம்.” உள்ளே பொறுப்பாளர் ஒருவர் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், என்ன வேண்டும் என்று பார்த்து ஆள் அனுப்புவார். சாமான் அறைச் சாவி இன்னொருவரிடம் இருக்கும். அரிசியோ பருப்போ அவர் எடுத்துக் கொடுத்தால்தான் வெளியே வரும். கடைசியில் பரிமாறுகிறவர் இலையில் வைப்பார். அவருக்குச் சாமான் அறைக்குள் வேலை இல்லை.

கோட்இக்னைட்டரில் வாசலில் நிற்பவர் ‘ரூட்’. பொறுப்பாளர் ‘கன்ட்ரோலர்’. சாமான் அறைக்காரர் ‘மாடல்’, தரவுத்தளத்தைத் தொடுகிறவர் அவர்தான். பரிமாறுகிறவர் ‘வியூ’, பக்கத்தை வரைகிறவர். இந்தப் பிரிவினைக்கு மாடல்-வியூ-கன்ட்ரோலர் என்று பெயர். நார்வேக்காரரான டிரிக்வே ரீன்ஸ்காக் 1979-இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் இருந்தபோது வகுத்த முறை இது. பக்கத்தின் நிறம் பிடிக்கவில்லையா? வியூ கோப்பை மட்டும் திறந்தால் போதும். சாமான் அறையைக் கலைக்க வேண்டியதில்லை.

ஏன் சின்னது?

கோட்இக்னைட்டரின் முதல் பதிப்பு 2006 பிப்ரவரி 28 அன்று வெளிவந்தது. செய்தவர்கள் ரிக் எல்லிஸின் எல்லிஸ்லேப் நிறுவனத்தார். சட்டகங்களை அவ்வளவாக விரும்பாத ராஸ்மஸ் லெர்டார்ஃபே 2008-இல் ஒரு மாநாட்டில் இதைப் பாராட்டிப் பேசினார். வேகமாக இருக்கிறது, இலேசாக இருக்கிறது, சட்டகம் மாதிரியே இல்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

எங்கள் தெலுக் பங்லிமா காராங் ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். இப்போது தொழிற்பேட்டை ஊர். நம்ம பசங்க பலர் ஷிப்டு வேலைக்காரர்கள். கற்றுக்கொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் கிடைத்தாலே பெரிது. கையில் இருப்பது பழைய மடிக்கணினி. இணைய இடம் வாங்க வருஷத்துக்கு நூறு இருநூறு வெள்ளிக்கு மேல் செலவழிக்கக் கிளையில் பணம் இருக்காது. இந்த மூன்றுக்கும் ஏற்ற கருவி எது என்பதுதான் கேள்வி.

வேலை விளம்பரங்களில் நான் அதிகம் பார்க்கும் பெயர் லாராவல். 2011-இல் டெய்லர் ஆட்வெல் வெளியிட்டது. நல்ல சட்டகம், வசதி நிறைய. வேலைக்காகப் படிக்கிறவர்கள் கட்டாயம் அதையும் கற்கட்டும். ஆனால் அதில் தெரிந்துகொள்ள வேண்டியதும் நிறைய. இன்னொரு பக்கம் ‘ஸ்லிம்’ இருக்கிறது. அது இன்னும் சிறியது. முகவரியைப் பார்த்துச் சரியான நிரலுக்கு அனுப்புவதோடு அதன் முக்கிய வேலை முடிந்தது, தரவுத்தளம் முதலான மற்றதை நாமே தேடிச் சேர்க்க வேண்டும். கோட்இக்னைட்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தரவுத்தளம், படிவச் சரிபார்ப்பு, பாதுகாப்பு எல்லாம் கூடவே வரும். பயன்படுத்தாததை நாம் கண்டுகொள்ள வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கோயில் திருவிழா அறிவிப்பும் நாலு படமும் போடத்தான் பக்கம் வேண்டும் என்றால் இதெல்லாம் தேவையில்லை. வேர்ட்பிரஸ் போதும். பதிவு வாங்க வேண்டும், பிரிவு பிரிக்க வேண்டும், மதிப்பெண் கூட்ட வேண்டும் என்று வரும்போதுதான் சட்டகம் வேண்டும்.

திறந்து பார்ப்போம்

நான்காம் பதிப்பைப் பதிவிறக்குங்கள். எடை ஒரு சில மெகாபைட்தான். ‘கம்போசர்’ என்ற கருவி வழியாகவும் நிறுவலாம், சுருக்கிய கோப்பை இறக்கி விரித்தும் நிறுவலாம். 4.5 பதிப்புக்கு பிஎச்பி 8.1 வேண்டும். ‘இன்டில்’, ‘எம்பிஸ்ட்ரிங்’ என்ற இரண்டு நீட்சிகளும் வேண்டும். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், தமிழுக்கு அது முக்கியம்.

உள்ளே கண்ணில் படும் கோப்புறைகளில் நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். ‘ஆப்’ நம் வீடு, நாம் எழுதுவதெல்லாம் இங்கேதான். ‘சிஸ்டம்’ சட்டகத்தின் உடம்பு. படிக்கலாம், கை வைக்கக் கூடாது. ‘ரைட்டபிள்’ என்பது பதிவேடுகளும் தற்காலிகக் கோப்புகளும் விழும் இடம். ‘பப்ளிக்’ மட்டும்தான் ஊருக்குத் திறந்த வாசல்.

கட்டளைச் சாளரத்தில் ‘பிஎச்பி ஸ்பார்க் சர்வ்’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் உங்கள் கணினியிலேயே 8080 வாயிலில் வரவேற்புப் பக்கம் வந்துவிடும். பிறகு நான்கு படிகள்தான்.

முதல் படி, வாசல். ‘ஆப்’ கோப்புறைக்குள் ‘கான்ஃபிக்’, அதற்குள் ‘ரூட்ஸ்’ கோப்பு. ‘பதிவு என்ற முகவரிக்கு யாராவது வந்தால் பதிவு கன்ட்ரோலரைக் கூப்பிடு’ என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். 4.2 பதிப்பிலிருந்து நாம் எழுதாத வாசல் தானாகத் திறக்காது. இதனால் ஒரு பெரிய நன்மை. புதிதாக வருகிறவர் இந்த ஒரு கோப்பைப் படித்தால் தளத்துக்கு எத்தனை வாசல் என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் படி, கன்ட்ரோலர். வந்த விவரம் சரியா என்று பார்த்து, சரியென்றால் மாடலிடம் கொடுக்கும்.

மூன்றாம் படி, மாடல். எந்த அட்டவணை, எந்தெந்தப் புலங்களில் எழுத அனுமதி என்று இதில் சொல்லிவைப்போம். அட்டவணையின் அமைப்பை ‘மைகிரேஷன்’ கோப்பாக எழுதிவையுங்கள். அப்படிச் செய்தால் புதிய கணினியில் ஒரு கட்டளையில் அட்டவணைகள் எழும்பிவிடும். ‘தரவுத்தளத்தை எப்படி அமைச்சிருந்தாங்க?’ என்று யாரையும் தேடி அலைய வேண்டாம்.

நான்காம் படி, வியூ. படிவமும் நன்றிப் பக்கமும். அவ்வளவுதான்.

நம் பெயரை ஏற்காத படிவம்

இனிமேல்தான் இந்தப் பாடத்தின் சாரம். போட்டிப் பதிவுக்கு ஒரு படிவம் செய்கிறோம் என்று வையுங்கள். பெயர்ப் புலத்தில் எழுத்து மட்டும் வர வேண்டும் என்று நினைத்து, சட்டகத்தோடு வரும் ‘ஆல்ஃபா ஸ்பேஸ்’ விதியைப் போடுகிறோம். எழுத்தும் இடைவெளியும் மட்டும் அனுமதி என்பது அதன் பொருள். ஒரு பிள்ளை ‘முருகன் த/பெ சுப்பிரமணியம்’ என்று தட்டுகிறது. படிவம் ஏற்க மறுக்கிறது. தமிழை விடுங்கள், அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் தட்டினாலும் அந்தச் சாய்கோட்டைப் பார்த்ததும் மறுக்கிறது. அந்த விதிக்குத் தெரிந்த எழுத்து ஆங்கில இருபத்தாறு மட்டும்தான்.

ஒன்பது வயதுப் பிள்ளை, திருமுறை ஓத வருகிறது. முதல் பக்கத்திலேயே ‘உன் பெயர் செல்லாது’ என்று சொல்லி அனுப்பலாமா? நம் அமைப்பின் பக்கமே அப்படிச் சொன்னால் யாரிடம் போய் முறையிடுவது?

சரிசெய்ய ‘சிஸ்டம்’ கோப்புறையைத் தொட வேண்டாம். ‘ஆப்’ கோப்புறைக்குள் நம் சொந்த விதியை ஒரு வகுப்பாக எழுதி, ‘வேலிடேஷன்’ அமைப்புக் கோப்பில் இருக்கும் பட்டியலில் அதன் பெயரையும் சேர்த்தால் போதும். பத்து வரிகூட வராது. தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து, இடைவெளி, புள்ளி, சாய்கோடு, மாற்றுப்பெயருக்கு முன் போடும் ‘@’ குறி, இவை வந்தால் ஏற்றுக்கொள் என்கிறோம். சட்டகத்தை வளைத்துக்கொள்ளலாம் என்று சொல்வது இதைத்தான். வெளியிலிருந்து வந்த கருவி நம் ஊர்ப் பெயரைக் கற்றுக்கொள்கிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ‘எந்த மொழி எழுத்தானாலும் சரி’ என்ற பொதுவான வடிவத்தைப் பலர் பரிந்துரைப்பார்கள். அது தமிழுக்குப் போதாது. யூனிகோட் முறையில் ‘ம’ ஓர் எழுத்து. அதோடு ஒட்டும் கால், கொம்பு, கொக்கி, புள்ளி எல்லாம் எழுத்து அல்ல, ‘குறி’ என்று தனியாக வகைப்படுத்தியிருக்கிறார்கள். எழுத்தை மட்டும் அனுமதித்தால் ‘மணி’ என்ற பெயரே தேறாது, கொக்கி வெளியே நின்றுவிடும். ஆகவே ‘தமிழ் வரிவடிவத்தைச் சேர்ந்த எதுவும்’ என்று கேட்கும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். யூனிகோட் என்று குறிக்கும் ‘யு’ கொடியையும் மறக்காமல் போடுங்கள்.

நீளக் கணக்கும் இப்படித்தான். ‘சுப்பிரமணியம்’ என்ற பெயரில் நம் கணக்குக்கு எட்டு எழுத்து. யூனிகோட் கணக்கில் 13 குறியீடுகள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் என்பதால் மொத்தம் 39 பைட். பிஎச்பியின் பழைய நீளக் கட்டளை 39 என்று சொல்லும். எம்பிஸ்ட்ரிங் நீட்சி 13 என்று சொல்லும். இன்டில் நீட்சியில் உள்ள கட்டளைதான் நம்மைப் போலவே 8 என்று எண்ணும். இரண்டு நீட்சியும் வேண்டும் என்று கோட்இக்னைட்டர் கேட்பது நமக்கு நல்லதாகப் போயிற்று. அதன் ‘அதிகபட்ச நீளம்’ விதி 13 என்ற கணக்கில்தான் பார்க்கும். அதனால் பெயர்ப் புலத்துக்கு 20, 30 என்று கஞ்சத்தனம் பண்ணாமல் 150 என்று தாராளமாக வையுங்கள். தரவுத்தளத்தின் எழுத்து முறை ‘யூடிஎஃப்8எம்பி4’ என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. பிஎச்பியில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். $பெயர், $பிரிவு, $மதிப்பெண் என்று எழுதினால் ஓடும். கூட்டாளிகள் ஒப்புக்கொண்டால் செய்து பாருங்கள்.

தமிழை இப்படிச் சர்வசாதாரணமாகத் தட்டுகிறோம் என்றால் அதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. 1980களிலேயே கணினியில் தமிழுக்காக உழைக்கத் தொடங்கி ‘முரசு அஞ்சல்’ கொடுத்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. அவர்கள் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த எழுத்தை ஏற்கும் படிவத்தைச் செய்வது நம் முறை.

பிள்ளைகளின் விவரம், நம் பொறுப்பு

பதிவுப் படிவம் என்றதும் உடனே ‘ஐசி நம்பர்’ என்று ஒரு புலம் வைத்துவிடுகிறோம். மைகார்ட் எண்ணின் 12 இலக்கங்களை யோசித்துப் பாருங்கள். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஒரு பிள்ளையைப் பற்றி இவ்வளவும் அந்த ஒரே எண்ணில் இருக்கிறது. வயதுப் பிரிவு பிரிக்க நமக்கு வேண்டியது பிறந்த ஆண்டு மட்டும்தானே? அதை மட்டும் கேளுங்கள். நம்மிடம் இல்லாததை யாரும் திருட முடியாது.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அது வணிக நடவடிக்கைகளைப் பற்றிய சட்டம். சட்டம் நம்மைக் கேட்காவிட்டாலும், பிள்ளையை நம்பி அனுப்பும் தாய் கேட்பார். அதனால் கீழே சொல்லும் ஐந்தையும் செய்யாமல் பக்கத்தை ஊருக்குத் திறக்காதீர்கள்.

ஒன்று. படிவத்தில் வந்ததை அப்படியே தரவுத்தளக் கட்டளையில் ஒட்டாதீர்கள். பெயர்ப் புலத்தில் பெயருக்குப் பதில் கட்டளையைத் தட்டி அட்டவணையையே அழிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. மாடல் வழியாகவோ ‘குவரி பில்டர்’ வழியாகவோ போனால் சட்டகம் அதைக் கட்டிப்போடும்.

இரண்டு. ஒருவர் தட்டியதைப் பக்கத்தில் காட்டும்போது ‘எஸ்க்’ என்ற கட்டளைக்குள் போட்டுக் காட்டுங்கள். யாராவது நிரலைத் தட்டியிருந்தாலும் அது வெறும் எழுத்தாகத்தான் தெரியும், ஓடாது.

மூன்று. வேறு தளத்திலிருந்து நம் படிவத்துக்குக் கள்ளத்தனமாக அனுப்புவதைத் தடுக்கும் ‘சிஎஸ்ஆர்எஃப்’ வடிகட்டி கூடவே வருகிறது. ஆனால் அது தானாக வேலை செய்யாது. ‘ஃபில்டர்ஸ்’ அமைப்புக் கோப்பில் நாம்தான் முடுக்க வேண்டும்.

நான்கு. தளத்தின் வாசல் ‘பப்ளிக்’ கோப்புறையாகவே இருக்கட்டும். அவசரத்தில் மொத்தக் கோப்புறையையும் வெளியே தெரியும் இடத்தில் கொட்டிவிட்டால் தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கோப்பும் சேர்ந்து தெருவுக்கு வந்துவிடலாம்.

ஐந்து. தளம் ஏறியதும் சூழல் ‘புரொடக்‌ஷன்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பிழை வரும்போது நம் வீட்டு உள்விவரம் எல்லாம் ஊருக்குத் தெரியும்.

கைமாறும் கருவி

கோட்இக்னைட்டரின் சொந்தக் கதையே கைமாறிய கதைதான். 2013-இல் எல்லிஸ்லேப் நிறுவனம், எங்களால் இதற்குரிய கவனம் கொடுக்க முடியவில்லை, யாராவது எடுத்து நடத்துங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டது. 2014-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கழகம் ஏற்றுக்கொண்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஜிம் பேரி திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். பிறகு 2019-இல் அது ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. நான்காம் பதிப்பு முடியும் தறுவாயில், 2020 ஜனவரியில், ஜிம் பேரி காலமானார். மற்றவர்கள் வேலையை நிறுத்தவில்லை. அவர் பிறந்த நாளான பிப்ரவரி 24 அன்று அவர் நினைவாக அந்தப் பதிப்பை வெளியிட்டார்கள்.

தலைவர் போன ஆறு வாரத்துக்குள் எப்படி முடிந்தது? நிரல் திறந்து கிடந்தது. இது எம்ஐடி உரிமத்தில் வரும் மென்பொருள். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஒருவர் தலைக்குள் மட்டும் அது பூட்டிக் கிடக்கவில்லை.

நம் முன்னோர் திருமுறையைக் காத்த விதமும் இதுதானே. ஓலையில் எழுதியதோடு நிற்காமல், ஒருவர் ஓத இன்னொருவர் கேட்டு, தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுத்தார்கள். தொண்டு என்றால் நான் செய்து முடித்தேன் என்பதோடு நிற்காது. எனக்குப் பிறகு வருகிறவர் தொடர வழிவிட்டுப் போவதும் தொண்டுதான்.

ஆகவே கிளைக்குப் பக்கம் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு தாள் எழுதிவையுங்கள். இணைய இடம் யார் பெயரில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும், கணக்குகளின் கடவுச்சொல் எந்த இரண்டு பொறுப்பாளர்களிடம் உள்ளது, எந்தப் பதிப்பு, தரவைப் படியெடுப்பது எப்படி, எங்கே வைத்திருக்கிறோம், நாமே சேர்த்த விதிகள் எவை, ஏன் சேர்த்தோம். தமிழிலேயே எழுதுங்கள்.

பயிற்சி

ஒன்று: தேவார வகுப்புக்கு மூன்று புலங்கள் மட்டும் உள்ள பதிவுப் படிவம் செய்யுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, பெற்றோர் தொலைபேசி எண்.

இரண்டு: பெயர்ப் புலத்துக்குச் சொந்த விதி எழுதி, தமிழில் ஒரு பெயர், சாய்கோடு உள்ள ஒரு பெயர், ‘@’ உள்ள ஒரு பெயர், மூன்றையும் தட்டிச் சோதியுங்கள்.

மூன்று, இதுதான் கடினமானது: எல்லாம் முடிந்ததும் உங்கள் மடிக்கணினியை மூடிவிடுங்கள். நிரலையும் அந்த ஒரு தாளையும் கிளையில் இருக்கும் இன்னொரு தம்பியிடமோ தங்கையிடமோ கொடுங்கள். வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தன் கணினியில் அதை ஓடவைத்து, ‘ஊர்’ என்று நான்காவது புலம் ஒன்றைச் சேர்த்துவிட்டால் நீங்கள் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். எங்கே திணறுகிறாரோ, அந்த இடத்தைத்தான் நீங்கள் இன்னும் எளிமையாக எழுத வேண்டும்.